அடை உக்காருறது குத்தமா?

கோழி அடை உக்காந்துட்டா ஊரில் சொல்வது ஒரே பேச்சுதான்: 'தெளிய வைக்கணும்.' பேயைத் தெளிய வைக்கிற மாதிரி, குடிபோதையைத் தெளிய வைக்கிற மாதிரி. தண்ணியில் முக்கி எடுப்பார்கள். ஒத்தைக் காலில் கயிறு கட்டிப் போடுவார்கள். அதன் இறகையே பிடுங்கி மூக்குத் துளையில் குறுக்கே செருகி விடுவார்கள். இதெல்லாம் வைத்தியமாம். நோய் என்ன? முட்டை நின்னு போச்சு. அவ்வளவுதான்.

உண்மையில் அதுக்கு ஒரு நோவும் இல்லை. உடம்பில் புரோலாக்டின் என்கிற சுரப்பு கூடுகிறது, முட்டையிடுவது நிற்கிறது. வயித்து இறகு உதிர்ந்து, வெறுந்தோலின் சூடு முட்டைக்குப் போகிறது. 21 நாள். நாளைக்கு ஒரு தடவை எழுந்து, கொத்தித் தின்னு, தண்ணி குடிச்சு, ஓடி வந்து உக்காரும். முட்டையை அலகால் புரட்டிப் புரட்டி விடும். எலும்பும் தோலுமாகும். இந்தப் பாட்டுக்கு நாம் வைத்த பேர், 'சும்மா உக்காந்திருக்கு.'

கோழிக்கு மட்டுமா சொன்னார்கள்? எங்க அம்மா நடவுக்குப் போனவள். தம்பிக்குக் கழுத்து நிக்கும் முன்னே நிலத்துக்காரர் ஆள் அனுப்பிவிட்டார்: 'இன்னும் எத்தனை நாளைக்கு உக்காந்து திங்கிறது?' பால் கட்டி மாரு வலிக்க, வரப்போரம் பீச்சி விட்டுட்டு மறுபடி நாத்து முடியை எடுத்தாளாம். மகப்பேறு உதவி மசோதாவை 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். 1929இல் சட்டமும் வந்தது, ஆலைப் பெண்களுக்கு. சேத்தில் நின்றவளுக்கு எந்தச் சட்டமும் கை கொடுக்கவில்லை.

'அப்ப முட்டைக்கு என்னய்யா பண்றது?' என்று கேட்பீர்கள். நியாயந்தான். சேரியில் கோழிதான் எங்க வங்கி. முட்டை வித்தால்தான் உப்பு, மிளகாய். சேவல் மிதிச்ச முட்டை இருந்தால் அம்மா பத்துப் பன்னிரண்டு வைத்து அடை கூட்டுவாள். இல்லையென்றால் எழுப்பத்தான் வேணும். வெறுந்தரையில் உக்காந்து அது வீணாக மெலியக் கூடாது. அதுக்குச் சித்திரவதை எதுக்கு? அடியில் காத்துப் படுகிற கூண்டில், வெளிச்சத்தில், தீனியும் தண்ணியும் வைத்துச் சில நாள் விட்டாலே தானாக மாறிவிடும்.

வெள்ளை லெகார்ன் கோழியில் இந்தக் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கட்டிவிட்டார்கள். பெரும்பாலும் அதுக்கு அடை உக்காரவே தெரியாது. கம்பிக் கூண்டில் முட்டை இட்டுக்கொண்டே இருக்கும். ஆண்டைகளின் கணக்குப்படி முழுசாகத் தெளிந்த கோழி அதுதான்.

'எனக்கு முட்டை வேணும்' என்று சொல்லலாம். அது வயித்துப் பேச்சு, அதில் பொய் இல்லை. 'உனக்குப் பித்து' என்று சொல்லி மூக்கில் இறகு செருகுவது ஆண்டைப் பேச்சு. அந்தப் பேச்சு நம்ம வாயில் எதுக்கு?