துவைக்கப் போகிறவர்கள்

மேகம் அருவிக்கு நடந்துதான் போக வேண்டும். கல்வராயன் மலையின் அந்த நீர் ஒரே மூச்சில் விழுவதில்லை. பாறைக்குப் பாறை தங்கித் தங்கி இறங்குகிறது. சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரி, அடுப்படி, விடைத்தாள் என்று ஓடுகிற ஒருத்திக்கு இந்தச் ‘சும்மா’ லேசில் கிடைப்பதில்லை. அதை விட்டுக்கொடுக்க எனக்கு விருப்பமும் இல்லை.

ஆனால் இந்தச் சும்மா யாருக்கெல்லாம் உண்டு? அழகை உணர்வது பயன் கருதாத இன்பம் என்று 1790இல் எழுதினார் இமானுவேல் கான்ட். சுள்ளிக்கட்டோடு அதே தடத்தில் எதிரே வரும் மலையாளிப் பழங்குடிப் பெண்ணை அந்த வரையறைக்குள் எங்கே நிறுத்துவது? அவளுக்குக் காடு என்றால் விறகு, கடுக்காய், தேன். பயன் கருதுகிறவளுக்கு அழகு தெரியாது என்பது மேட்டிமை. (கான்ட் அப்படிச் சொல்லவில்லை, சுற்றுலா சொல்கிறது.)

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் இந்தப் பிளவு இல்லை. தினைப்புனத்தில் கிளியோட்டிய பெண்கள்தாம் அருவியில் ஆடுகிறார்கள். அவர்களே பூக்களைப் பறித்துப் பாறையில் குவிக்கிறார்கள். அந்த 99 பூக்களை வகுப்பில் எண்ணிக்காட்டுகிறோம். காவல் வேலைக்கு நடுவே அவர்கள் எடுத்துக்கொண்ட ஓய்வு அது என்பதைத் தாண்டிப் போய்விடுகிறோம். பாட்டில் பேசுகிறவள் தோழி. பேசவைத்தவர் ஆண் என்பது தனிக்கதை.

1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை இது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நில உரிமையைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதியச் சொல்கிறது. சிறுவன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை தருகிறது. பெரிய விஷயம்தான். ஆனாலும் உழைக்கிறவளைத்தான் சட்டத்துக்கு அடையாளம் தெரிகிறது. தண்ணீரில் சும்மா கிடக்க விரும்புகிறவளுக்குப் படிவத்தில் இடமில்லை.

அருவியில் பெண்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டால் வேலியும் நுழைவுச்சீட்டும் வரலாம். கள்ளக்குறிச்சியிலிருந்து போகும் நான் சீட்டு வாங்கிவிடுவேன். மலைக்காரி தன் ஊர்த் தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டுமா? கேட்காமல் விட்டாலோ பாட்டிலோடு வரும் கும்பலுக்கே அருவி போய்ச்சேர்கிறது. இரண்டில் எதையும் என்னால் நிம்மதியாகத் தேர்ந்தெடுக்க முடியவில்லை.

மலையிலிருந்து வந்து படிக்கும் மாணவி ஒருத்தியிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன்.

“லீவு நாள்ல நாங்க அந்தப் பக்கமே போறதில்ல மேடம். மத்த நாள்ல துணிய எடுத்துக்கிட்டுப் போவோம்.”

“துவைக்கவா?”

“துவைக்கத்தான்னு வீட்ல சொல்லுவோம்.”