வாசலில் நிற்கும் வண்டி

"நானா, சம்மன் வந்தது, வந்த அன்றே பணத்தைக் கட்டிவிட்டேன். கட்டின பிறகு என்மேல் என்ன குற்றம்?" என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். சிராங்கூன் ரோட்டுக்கு அருகில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். கொள்முதலிலும் விற்பனையிலும் ஒரு காசு பிசகாதவர். ஒரு வெள்ளிக்கிழமை கிடங்கிலிருந்து வந்தவர், ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டதென்று, முன்னதாக நின்றிருந்த ஒரு சரக்கு வேனுக்குக் குறுக்கே தம் காரை நிறுத்திவிட்டுப் பள்ளிக்குள் போய்விட்டார். திரும்பி வரும்போது வேன்காரர் நாற்பது நிமிஷமாக வெயிலில் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லையாம். பிறகு சம்மன் வந்தது, பணம் கட்டியாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்பது நண்பரின் எண்ணம். தீர்ந்துவிட்டதா என்பதுதான் கேள்வி.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தது டோபி காட்டில், ரயில் நிலையத்தின் வாசலில். இந்தப் பெயரைத் தினமும் சொல்லுகிறோம், பொருளை நினைப்பதில்லை. டோபி என்றால் வண்ணார், காட் என்றால் துறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த வண்ணார்கள் இங்கே ஓடிய ஓடையில் துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் துணிகளைக் காயப் போட்டார்கள். அந்த ஓடைதான் பின்னாளில் ஸ்டாம்ஃபோர்டு கால்வாயாயிற்று. புல்வெளி துவைத்தவருடைய சொத்தல்ல. ஈரத்துணிக்கு வெயில் வேண்டும், விரிக்க இடம் வேண்டும். காய்ந்ததும் மடித்து எடுத்துக்கொண்டு போகத்தான் வேண்டும். காய்ந்த துணியை அங்கேயே கிடத்தி இடம் பிடித்து வைத்திருப்பவனை மற்றவர்கள் என்ன சொல்லுவார்கள் என்று நாமே ஊகிக்கலாம். இன்று அந்த இடத்துக்கு அடியில் மூன்று ரயில் தடங்கள் சந்திக்கின்றன. மேலே கார்கள் இடம் தேடிச் சுற்றுகின்றன.

சாலையில் ஓர் இடத்தை நாம் எந்த உரிமையால் பிடிக்கிறோம்? முதலில் வந்ததாலா, காசு கொடுத்ததாலா, தேவை இருப்பதாலா? இக்கேள்வி மோட்டார் கார் வந்த பிறகு பிறந்ததல்ல. கூஃபா நகரத்துக் கடைத்தெருவைப் பற்றி ஹஸரத் அலீ (ரலி) அவர்கள், அது பள்ளிவாசலைப் போன்றது, முதலில் வந்து அமர்ந்தவருக்கு அன்று அவர் எழுந்து போகும்வரை அவ்விடம் உரியது என்று தீர்ப்புச் சொன்னதாகப் பழைய வரலாற்று நூல்களில் காண்கிறோம். இதில் இரண்டு பகுதி இருப்பதைக் கவனிக்க வேண்டும். முந்தியவருக்கு உரிமை உண்டு. ஆனால் எழுந்து போனால் உரிமையும் போய்விடுகிறது. நாம் முதற்பகுதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். சில தெருக்களில் காலியான கட்டத்தில் அட்டைப்பெட்டியை வைத்தோ, கடைப்பையனை நிற்க வைத்தோ முதலாளியின் கார் வரும்வரை இடம் காக்கிறார்கள். பெட்டி முந்தி வந்ததாம்!

முந்தியவருக்கே என்ற முறை ஏழை பணக்காரன் பாராத நியாயமான முறை என்று பலர் சொல்லுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படியே நினைத்தேன். அந்த முறையில் வெல்லுகிறவர் யார்? அவகாசம் உள்ளவர். கடைக்காரர் காலை 10 மணிக்கு வந்து வாசலிலுள்ள கட்டத்தில் காரை விட்டால் இரவு 8 மணிக்குத்தான் எடுப்பார். தோற்கிறவர் மூன்று பெட்டியை இறக்கிவிட்டுப் பத்து நிமிஷத்தில் போக வேண்டிய சரக்குக்காரர். வியாபாரிகளாகிய நாம் கணக்குப் பார்ப்போம். இந்த ஊரில் ஒரு கார் நிற்கும் கட்டம் 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். சுமார் 124 சதுர அடி. காசு மாற்றும் கடைகளில் பல இதைவிடச் சிறியவை. வாடிக்கையாளர் ஒருவர் அரை மணி நின்று சாமான் வாங்கிப் போகிறாரென்றால், அந்தக் கட்டத்தில் பத்து மணி நேரத்துக்குள் இருபது பேர் வந்து போகலாம். முதலாளியின் கார் ஒன்று நின்றால் இருபது பேருக்கும் இடமில்லை. தம் வியாபாரத்தைத் தாமே விரட்டிவிட்டு, 'இப்போதெல்லாம் கூட்டமே இல்லை' என்று குறைப்படுகிறவர்களை நாம் அறிவோம்.

ஆகவே விலை வைப்பது தவறல்ல. சிங்கப்பூரின் நிலத்தில் நூற்றுக்குச் சுமார் 12 பங்கு சாலைகளுக்கே போயிருக்கிறது. 1975 ஜூன் 2-ல் காலை நேரத்தில் நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி என்று அனுமதிச் சீட்டு வந்தது. நான்கு பேராக வந்தால் கட்டணமில்லை என்றார்கள். அதே சமயம், காரை ஊரோரத்தில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் உள்ளே போகட்டும் என்று நிறுத்துமிடங்களும் அமைத்தார்கள். அவை பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. காரில் புறப்பட்ட மனிதன் வாசல்வரை காரிலேயே போக விரும்புகிறான். இது எல்லா ஊருக்கும் பொது. 2016 டிசம்பரில் நகர மையத்தின் அரசாங்கக் கட்டங்களுக்கு அரை மணிக்கு 1 வெள்ளியாக இருந்தது 1 வெள்ளி 20 காசாயிற்று. 2017 அக்டோபரில் கூப்பனைக் கிழித்துக் கண்ணாடிக்குள் வைக்கும் வேலைக்குப் பதிலாகக் கைப்பேசிச் செயலி வந்து, நின்ற நிமிஷங்களுக்கு மட்டும் காசு என்றாயிற்று. டோனல்டு ஷூப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2005-ல் வெளியிட்ட பெரிய நூல் முழுவதும் இந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான்: இலவசமாகக் காரை நிறுத்த இடம் கொடுத்தால் அதன் செலவு கடைச் சாமானின் விலையில் ஏறுகிறது; கார் இல்லாமல் நடந்து வருபவனும் அதைக் கொடுக்கிறான். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து நம் கடைகளை நிரப்பும் தொழிலாளர்களை நினைத்தால் இது நமக்கு எளிதில் விளங்கும்.

ஆனால் விலையால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்லவும் மனம் வரவில்லை. பணம் உள்ளவருக்கு 24 வெள்ளி ஒரு பொருட்டல்ல. அவர் நாள் முழுதும் நிற்பார். ஊனமுற்றோருக்கென்று ஒதுக்கிய கட்டத்தை எந்த விலைக்கும் விற்க முடியாது. அங்கே தேவைதான் உரிமை. சரக்கு இறக்கும் கட்டமும் ஏறக்குறைய அப்படியே.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அவர் கொடுத்தது கட்டணமல்ல, அபராதம். இரண்டையும் ஒன்றாக எண்ணும் பழக்கம் நம்மிடம் மட்டுமில்லை. ஹைஃபா நகரத்தில் பத்துக் குழந்தைக் காப்பகங்களில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2000-ல் வெளியாயிற்று. பிள்ளைகளை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் அபராதம் விதித்துப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடிற்று. அதுவரை காத்திருக்கும் ஆசிரியையை நினைத்து வெட்கப்பட்டவர்கள், காசு கொடுத்துவிட்டோமே என்று நிம்மதியாக வரத் தொடங்கினார்கள். பிறகு அபராதத்தை எடுத்துவிட்ட போதும் பழைய வெட்கம் திரும்பவில்லை.

நண்பர் கட்டிய வெள்ளி எங்கே போயிற்று? பொது கஜானாவுக்கு. வெயிலில் நின்றவருக்கு அதில் ஒரு காசும் போகவில்லை. ஒருவரிடம் கடன் வாங்கி இன்னொருவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பேரேட்டில் கோடு கிழித்துவிடுவாரா நம் நண்பர்? மாட்டார். சட்டத்தை மீறியதற்குரிய கடன் தீர்ந்தது. அந்த மனிதருடைய நாற்பது நிமிஷம் நிலுவையில் நிற்கிறது. அடியார்களின் ஹக்கை அடியார்களிடமே தீர்க்க வேண்டும் என்பது நம் வீட்டுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

"தொழுகைக்காகத்தானே நானா?" என்றார். அபகரித்த நிலத்தில் நின்று தொழுதால் அத்தொழுகை நிறைவேறுமா என்று நம் இமாம்கள் விவாதித்திருக்கிறார்கள். நிறைவேறும், ஆனால் பாவம் நீங்காது என்பது பெரும்பாலோர் கருத்து. ஹன்பலீ மத்ஹபில் நிறைவேறாது என்ற கருத்தும் வலுவாக உண்டு. நண்பர் தொழுதது பள்ளியின் பாயில்தான். கார் மட்டும் வெளியே இன்னொருவருடைய வழியில் நின்றது. வழியோரத்தில் உட்கார்ந்தே தீர வேண்டுமானால் வழிக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள், பிறருக்குத் தொல்லை தராதீர்கள் என்று தோழர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தியதை ஜும்ஆ மேடையில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! கேட்டுக்கொண்டிருக்கும்போதே நம் வண்டி எங்கே நிற்கிறது என்று யோசிப்பதில்லை. நானும் யோசிக்காமல் இருந்தவன்தான். கைப்பேசி எண்ணை எழுதி வைத்தால் போதும் என்று சிலர் சொல்லுகிறார்கள். தொழுகையில் நிற்பவர் கைப்பேசியை எடுப்பாரா?

வேன்காரரைத் தேடிப் பிடித்து, நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேளுங்கள் என்றேன். நண்பருக்கு அது பிடிக்கவில்லை. "அவர் பெயர்கூடத் தெரியாது நானா. அவரே மறந்திருப்பார்" என்றார். சம்மன் கட்டுவது எளிது, முகத்தைப் பார்ப்பது கடினம். எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

சென்ற வெள்ளிக்கிழமை அவர் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு ரயிலில் வந்தார். டோபி காட்டில் தடம் மாறினால் லிட்டில் இந்தியா அடுத்த நிலையந்தான். பள்ளி வாசலில் என்னைப் பார்த்ததும், வேனைப் பற்றிப் பக்கத்துக் கடையில் விசாரித்ததாகச் சொன்னார். அந்தக் கடைக்குத்தான் வாரந்தோறும் சரக்கு இறக்க வருகிறதாம். இப்போது வெள்ளிக்கிழமை வருவதில்லை, செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டார்களாம். ஏன் மாற்றினார்கள் என்று நண்பர் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் கடையைச் சீக்கிரம் திறக்கப் போகிறேன் என்றார்.