மாடிப்படியும் பழியும்

புதிய வீடொன்றிலே மாடிப்படி தவறான இடத்தில் அமைந்துவிட்டது. ஏறுவோரின் தலை உத்தரத்தில் இடிக்கின்றது. வரைபடம் கீறியவர் ஒருவர், அதனை ஏற்றவர் வீட்டுக்காரர். பழியோ மேசன்மீது விழுகின்றது. இடித்துக் கட்டும் நாள்களுக்குக் கூலியில்லை என்கின்றனர். இது நீதியாகுமா?

கொங்கிறீற்று தனக்குக் கணிக்கப்பட்ட வலிமையை எய்த 28 நாள்கள் வேண்டும். ஆனால், பலகை அடிக்கும் அன்றே அனுபவமிக்க மேசன் இக்குறையைக் கண்டுகொள்வார். கண்டும் அவர் வாய்திறவாதது ஏன்? சொன்னதைச் செய்வதே கூலியாளின் கடமை என விதித்திருக்கிறது நமது சமுதாய அமைப்பு. பேசும் உரிமையை மறுத்துவிட்டுப் பொறுப்பை மட்டும் சுமத்துதல் அறமன்று.

ஆகவே, முடிவு செய்தவர்களே செலவை ஏற்கவேண்டும். இருமுறை உழைத்தவருக்கு இருமுறையும் கூலி வழங்கவேண்டும். இனி, வரைபடத்தை விரிக்கும்போதே மேசனையும் அருகிலிருத்தி அவர் கருத்தைக் கேட்போமாக.