விவரமும் அமானிதமே

சகோதரர்களே! பிறர் தந்த பணம் அமானிதமென்பதை நாம் அறிவோம். பிறர் தந்த விவரம்?

சாங்கியில் என் கடைப் பற்றுப் புத்தகத்தை மேசைமேல் திறந்தபடி வைத்திருந்தேன். ஒருவருடைய பாக்கியை மற்றொருவர் படித்துவிட்டார். கடன்பட்டவர் மறுநாளே பாக்கியைத் தீர்த்தார். பின்பு கடைப்படி ஏறவில்லை. பணம் வந்தது; அவர் மானத்தை நான் எங்ஙனம் திருப்பித் தருவேன்?

2024 டிசம்பரில், நிறுவனங்களைப் பதியும் பிஸ்ஃபைல் தளத்தில், பெயரைத் தேடிய எவருக்கும் அடையாள அட்டை எண் முழுமையாகத் தெரிந்தது. அரசாங்கம் மன்னிப்புக் கோரிற்று. குறை கூறுமுன் நம் கல்லாவைப் பார்ப்போம். சட்டமோ, ஆளை ஐயமற அறியவேண்டிய கட்டாயமோ இல்லாதவிடத்து, கடைக்காரர் அவ்வெண்ணை வாங்கலாகாதென்பது 2019 செப்டம்பர் 1 முதல் இந்நாட்டு விதி. அனுமதியின்றிப் பிறர் வீட்டில் நுழையலாகாதென்ற நம் மார்க்கம், பிறர் ஏட்டில் நுழைய இடங்கொடுக்குமா? தேவைக்கு மேல் கேளாதிருப்போம், கேட்டதை மூடிவைப்போம். வஸ்ஸலாம்.