போதுமென்னும் மனம் யாருக்கு?

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்வோர் பலரது இல்லங்களில் கூடம் தறிக்கே உரியது. குழித்தறியும் பாவும் கொண்டது போக எஞ்சிய இடத்திலேயே சமையலும் உறக்கமும். பாயை விரித்தால் படுக்கையறை; சுருட்டினால் விருந்தினர் அறை. துலக்கிய பாத்திரங்கள், வாயிலில் கோலம்: செம்மைக்குக் குறைவில்லை. வேண்டாதவற்றிற்கு இடமின்மையால் வேண்டியவை மதிப்புப் பெறுகின்றன.

ஆயினும், இதைப் புகழ்வதோடு நாம் அமைந்துவிடலாமா? திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லௌதாத்தோ சி’ திருமடல், நெருக்கமான குடியிருப்புகளிலும் ஏழையர் படைக்கும் அன்புச் சூழலைப் போற்றுகிறது. வீடின்மையின் கொடுமையையும் அது மறைக்கவில்லை. எளிமை, நாமே தேர்ந்துகொண்டால் நற்பண்பு. பிறர்மேல் சுமத்தப்பட்டால் அநீதி.

நம் மணவிழாக்களுக்குப் பட்டு நெய்பவர், தம் பிள்ளை கால் நீட்டி அமர்ந்து படிக்க ஓரிடம் விரும்புவது பேராசையன்று. போதுமென்னும் மனத்தை அவருக்குப் போதிக்குமுன், நம் இல்லங்களில் பூட்டிக் கிடக்கும் அறைகளை எண்ணிப் பார்ப்போம்.