எப்பவாவது ஓட்டுறவளுக்கு எதுக்கு?

"எப்பவாவது ஓட்டுறவளுக்கு எதுக்குங்க நல்ல வண்டி? ஓடினாப் போதாதா?"

கலிஃபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில், கிளாமிஸ் மணல்மேட்டில், கூடாரத்துக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ஒருவர் இதைச் சொன்னார். என் கணவரின் நண்பர். நல்ல மனிதர்தான், அன்று காலை எனக்குக் காபி போட்டுக் கொடுத்ததும் அவர்தான். அந்தக் காபியை மணலில் கவிழ்த்துவிட்டு நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. சிரித்தேன். அப்படிச் சிரித்துத் தொலைத்த கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நீங்களும் சிரித்திருப்பீர்கள், தோழி. மிச்சத்தை நம் பக்கம் தள்ளும்போது சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்ள நம்மைச் சின்ன வயதிலேயே பழக்கிவிட்டார்கள். திருச்சியில் அண்ணனுக்குப் புது சைக்கிள் வந்த அன்றே அவனுடைய பழசு எனக்கு வந்தது. அதில் பிரேக் கட்டை முழுக்கத் தேய்ந்திருந்தது. "டியூஷனுக்குத்தானே போகப்போறே" என்றார் அப்பா. இரண்டு வருஷம் வலது காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்துத்தான் அந்தச் சைக்கிளை நிறுத்தினேன். வலதுகால் செருப்பு மட்டும் மூன்றே மாதத்தில் ஓட்டையாகும். அதற்கு அம்மாவிடம் தனியாகத் திட்டு வாங்குவேன். அந்தக் காலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வருகிறது.

கிளாமிஸில் பேச்சில் அடிபட்ட வண்டி ஸ்போர்ட் குவாட். அது பண்ணையில் சாமான் இழுக்கிற நாலு சக்கர வண்டி கிடையாது. அதன் தம்பி, அடங்காத தம்பி. எஞ்சின் விசை பின்சக்கரங்களுக்கு மட்டும் போகும். பைக் மாதிரி கையில் கிளட்ச், காலில் கியர். ஆக்ஸிலரேட்டரை முறுக்க வேண்டியதில்லை. வலது கட்டைவிரலால் ஒரு சின்ன நெம்புகோலைத் தள்ள வேண்டும். ஒருவர்தான் உட்காரலாம். பில்லியன் சீட்டே இல்லாத வண்டி என்பதுதான் முதல் பார்வையிலேயே எனக்கு அதில் பிடித்த விஷயம்.

முதல் நாள் என் கணவர் தன்னுடைய ராப்டர் 700-ஐ என்னிடம் கொடுத்தார். 2006-ல் யமஹா இறக்கிய ரகம், 686 சிசி, பெட்ரோல் நிரப்பினால் 190 கிலோவைத் தொடும். "மெதுவாத் தள்ளும்மா, ஒண்ணும் ஆகாது" என்றார். என் கட்டைவிரல் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். முன்சக்கரம் இரண்டும் வானத்தைப் பார்த்தன. நான் என்ன செய்தேன்? திருச்சிக் காலைக் கீழே ஊன்றினேன்.

குவாடில் செய்யவே கூடாத காரியம் அது. பைக்கில் கால் ஊன்றினால் பிழைப்போம். இதில் ஊன்றினால் பின்னால் உருண்டு வருகிற சக்கரம் அந்தக் காலையே பிடித்துக் கீழே இழுத்துக்கொள்ளும். நல்லவேளை, ஃபுட் ரெஸ்டுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் வலை கட்டிய நெர்ஃப் பார் என்கிற தடுப்புக் கம்பி இருந்தது. என் பூட்ஸ் அந்த வலையில் மாட்டிக்கொண்டது. வலைக்கு அந்தப் பக்கம் டயர் சுற்றிக்கொண்டே இருந்ததைப் பார்த்தேன். வண்டி அணைந்தது. வண்டியின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அது அவருக்கான வண்டி, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் தீர்ப்பு வந்தது: "அவளுக்குப் பயம்." அதற்கடுத்துத்தான் காபிக்காரர் மேலே சொன்ன வாக்கியத்தைத் திருவாய் மலர்ந்தார். ஒன்று என் கணவருடைய அசுர வண்டி, இல்லாவிட்டால் கொல்லையில் கிடக்கிற ஓட்டை வண்டி. நடுவில் எனக்கென்று ஒன்று இருக்கலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கே தோன்றவில்லை!

இப்போது சொல்கிறேன், காது கொடுத்துக் கேளுங்கள். அவர்கள் போட்டது தலைகீழ்க் கணக்கு. வாரா வாரம் ஓட்டுகிறவன் பழுதுபட்ட வண்டியையும் சமாளித்துவிடுவான். கார்புரேட்டர் அடைத்துக்கொண்டு இடித்தால் அவன் விரல் அதற்கேற்ப விளையாடும். கிளட்ச் கடைசி அரை அங்குலத்தில்தான் பிடிக்கும் என்றால் அது அவன் கைக்குத் தெரியும். ஒரு பக்கம் பிரேக் இழுத்தால் உடம்பு தானாக மறுபக்கம் சாயும். வருஷத்தில் ஐந்தாறு தடவை ஏறுகிற உங்கள் உடம்புக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. அப்படியானால் தொட்டதும் ஸ்டார்ட் ஆகிற வண்டி யாருக்கு வேண்டும்? பிடித்த இடத்தில் நிற்கிற வண்டி யாருக்கு வேண்டும்? தள்ளின அளவுக்கு மட்டும் ஓடுகிற வண்டி யாருக்கு வேண்டும்? உங்களுக்கு! எப்பவாவது ஓட்டுகிற உங்களுக்குத்தான்! ஓட்டை வண்டியை அந்தக் காபிக்காரர் ஓட்டட்டும். அவர்தான் சூரராயிற்றே.

பிரேக் இல்லாத சைக்கிளைக் கொடுத்தார்கள். என் கால் தப்பான பாடம் படித்தது. அந்தப் பாடம் இருபத்தைந்து வருஷம் கழித்து, பசிஃபிக் கடலுக்கு இந்தப் பக்கம், என் காலையே கேட்டது. மிச்சத்தை வாங்கிக்கொள்வது பணிவு என்று யாராவது சொன்னால் என் பூட்ஸைக் காட்டுகிறேன்.

கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும்" என்று பத்து தடவை சொல்லச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் சொல்லிப் பார்த்தேன். ராப்டரின் முன்சக்கரம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நம்பிக்கை எனக்கு வேறு வழியாக வந்தது. ஏழெட்டு வண்டிகளின் மேல் ஏறி உட்கார்ந்து, இறங்கி, குனிந்து, கையை அழுக்காக்கிக்கொண்டபோது வந்தது.

முதலில் உட்காருங்கள். இரண்டே விரலால் கிளட்சை முழுக்க அமுக்க முடிகிறதா? ஹேண்டில்பாரை ஒரு பக்கம் கடைசிவரை திருப்புங்கள். தூரப் போன பிடியை எட்டிப் பிடிக்க முதுகைத் தூக்க வேண்டியிருக்கிறதா? ஃபுட் ரெஸ்டில் எழுந்து நில்லுங்கள். முழங்கால் லேசாக மடிந்த நிலையில் நிற்க முடிந்தால் அது உங்கள் அளவு. நிற்க முடியாவிட்டால் விலை எவ்வளவு சல்லிசாக இருந்தாலும் அடுத்த வண்டிக்கு நடையைக் கட்டுங்கள். "போகப் போகப் பழகிடும்" என்று பக்கத்தில் ஒரு குரல் வரும். ரவிக்கைக்கே அளவெடுத்துத் தைக்கிற நாம், மணல்மேட்டின் உச்சியில் உயிரை ஒப்படைக்கிற வண்டிக்கு அளவு பார்க்கக் கூடாதா?

எந்த வண்டியில் ஏறி உட்காருவது? ஹோண்டா டிஆர்எக்ஸ் 400இஎக்ஸ் 1999-ல் வந்தது. 397 சிசி, காற்றால் குளிர்கிற எஞ்சின், ரேடியேட்டர் தொல்லை இல்லை. இழுவை படிப்படியாக ஏறும், திடுக்கென்று பாயாது. 2005 முதல் ரிவர்ஸ் கியர் உண்டு. அந்த ரிவர்ஸைச் சூரர்கள் கேலி செய்வார்கள். மணல் குழியில் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கிற வண்டியை ஒற்றை ஆளாகப் பின்னால் இழுத்துப் பார்த்தவர்கள் கேலி செய்ய மாட்டார்கள். 2003-ல் வந்த சுசுகி இசட்400 இன்னும் கொஞ்சம் துள்ளும். பச்சை உடுப்பு போட்டு கவாஸாகி கேஎஃப்எக்ஸ்400 என்று விற்றதும் அதே வண்டிதான். இன்னும் சாதுவாக வேண்டுமென்றால் ஹோண்டாவின் 250இஎக்ஸ்: 229 சிசி, செயினுக்குப் பதில் ஷாஃப்ட். யமஹா பான்ஷீயைக் கண்டால் மட்டும் மனசைக் கட்டுப்படுத்துங்கள். 347 சிசி, இரட்டைச் சிலிண்டர் டூ ஸ்ட்ரோக், அமெரிக்காவில் 1987 முதல் 2006 வரை விற்றார்கள். அதன் சத்தத்துக்கு நானே சொக்கிப்போனேன். ஆனால் அதுவரை தூங்கிக்கொண்டிருக்கிற பவர் ஒரே மூச்சில் எழுந்து வரும். முதல் வண்டியாக வேண்டாம்.

பிறகு குனியுங்கள். கூச்சம் வேண்டாம், ஜீன்ஸ் துவைத்தால் போகும். நான் பார்க்கப் போன ஒரு வண்டி பளபளவென்றிருந்தது. எஞ்சின் பக்கம் உள்ளங்கையைக் கொண்டுபோனேன். அனல். "நீங்க வர்றதுக்கு முன்னாடி சும்மா ஒரு ரவுண்டு ஓட்டினேன்" என்றார் விற்பவர். சூடான எஞ்சின் தன் நோயை மறைத்துவிடும். ஆறிக் கிடக்கிற வண்டியைத் தட்டி எழுப்பும்போதுதான் ஸ்டார்டிங் ட்ரபிள் தெரியும், நீலப் புகை தெரியும், நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது என்று தெரியும். ஆகவே போனிலேயே சொல்லிவிடுங்கள்: "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க."

ஏர் ஃபில்டரைக் கழற்றச் சொல்லி, அதற்குப் பின்னாலிருக்கும் குழாயின் உட்புறத்தை விரலால் தடவுங்கள். விரலில் மணல் ஒட்டினால் இத்தனை நாளும் அந்த எஞ்சின் மணலைத் தின்றிருக்கிறது; பிஸ்டனும் சிலிண்டரும் அரைபட்டிருக்கும். முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்றால் பேரிங்கோ பால் ஜாயின்டோ போய்விட்டது. ஸ்ப்ராக்கெட் பற்கள் கொக்கி மாதிரி வளைந்திருக்கிறதா, ஃபிரேமில் ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் அடித்து வெல்டிங்கை மறைத்திருக்கிறார்களா, சேஸிஸ் எண்ணும் டைட்டில் என்கிற உரிமைப் பத்திரத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா, பாருங்கள். எண்ணைச் சுரண்டியிருந்தால் பேச்சே வேண்டாம், கிளம்புங்கள்.

இவ்வளவும் மெக்கானிக் வேலை என்று ஒதுக்காதீர்கள்! தேங்காயைத் தட்டிப் பார்த்தே முற்றலா இளசா என்று சொல்கிற காது உங்களுக்கு இருக்கிறது. கத்தரிக்காயைத் திருப்பிப் புழுத்துளை தேடுகிற கண் இருக்கிறது. அதே காதும் கண்ணும்தான். இடம்தான் வேறு.

பயம்? இருக்கட்டும். இந்த வண்டிகளின் மூத்த தலைமுறையான மூன்று சக்கர வண்டிகள் கவிழ்ந்து கவிழ்ந்து உயிர்களைக் குடித்ததால், 1988-ல் அமெரிக்க அரசோடு கம்பெனிகள் செய்துகொண்ட உடன்படிக்கையில் அவற்றின் விற்பனையே நின்றுபோனது. பயப்பட வேண்டிய சாமானுக்குப் பயந்தவளைக் கோழை என்று சொல்ல யாருக்கு உரிமை? நான் பயத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போகவில்லை. அரைநாள் பயிற்சி வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏடிவி சேஃப்டி இன்ஸ்டிடியூட் நடத்துகிற வகுப்பு அது. குவாடின் பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் பூட்டியிருப்பதால் வளைவில் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும், அதனால்தான் வண்டி நேராகப் போகவே அடம்பிடிக்கும் என்று அங்கேதான் புரிந்தது. உடம்பை வளைவின் உட்பக்கம் சாய்த்து, வெளிப்பக்கக் காலை ஃபுட் ரெஸ்டில் அழுத்த வேண்டும். கால் ஃபுட் ரெஸ்டை விட்டுக் கிளம்பவே கூடாது. "கால்! கால்!" என்று பயிற்சியாளர் கத்திக்கொண்டே இருந்தார். திருச்சிச் செருப்பின் கதை அவருக்கு எப்படித் தெரியும்?

கணவன்மார்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. ஆசையாக வாங்கிக் கொடுக்க நினைக்கிறீர்கள், சந்தோஷம். ரிப்பன் கட்டி வாசலில் நிறுத்தி ஆச்சரியப்படுத்தாதீர்கள். அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். போன இடத்தில் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள்.

என்னவர் அதைச் செய்தார். எல் சென்ட்ரோவில் ஒரு வீட்டு கராஜில் சிவப்பு 400இஎக்ஸ் ஒன்று நின்றது. 2006 மாடல். தொட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. விற்றவர் வயசாளி. நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் அவர் என் கணவரைப் பார்த்தே பதில் சொன்னார். "செயின் எப்ப மாத்தினீங்க?" என்றேன்; கணவரிடம் சொன்னார். "ஏர் ஃபில்டர் எடுக்கலாமா?" என்றேன், கணவரிடம் தலையாட்டினார். நான் பேசுவதை நிறுத்திவிட்டு சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தலையைக் கொடுத்தேன். இடது முன்சக்கரம் ஆடியது. லேசாகத்தான். "பால் ஜாயின்ட் போயிருக்கு" என்று அடியிலிருந்தே சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவர் முழங்கால் சடசடக்க என் பக்கத்தில் குனிந்தார். அதற்குப் பிறகு முழுப் பேச்சும் என்னோடுதான், பேரமும் என்னோடுதான். நூற்றைம்பது டாலர் இறங்கினார்.

ஒரு வாரத்தில் பால் ஜாயின்ட் மாற்றி, மணலில் எதிர்மேட்டுக்காரருக்குத் தெரிவதற்காகக் கட்டாயம் வைக்க வேண்டிய தரையிலிருந்து எட்டடி உயரத்துக்கு வருகிற கொடிக்கம்பையும் மாட்டினேன். கொடி ஆரஞ்சு. காபிக்காரர் அடுத்த தடவை பார்த்துவிட்டு, "ஒரு ரவுண்டு தர்றியாம்மா?" என்றார். அது இருக்கட்டும்.

அன்று கராஜில் விற்பனை ரசீது எழுத உட்கார்ந்தார் பெரியவர். "பேர் என்னம்மா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன், அப்பா பெயரையும் சேர்த்து. பாதியிலேயே கட்டம் நிறைந்துவிட்டது. "சுருக்கி எழுதிக்கட்டுமா?" என்றார்.

"வேண்டாம், முழுசா எழுதுங்க" என்றேன். பேனா கட்டத்தைத் தாண்டி, காகிதத்தின் ஓரம் வரைக்கும் போயிற்று.