காதுக்கா, கண்ணுக்கா?

தஞ்சாவூரில் ஒருவர். முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாகவேகூட இருக்கலாம். பிள்ளைகள் அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. வீட்டில் நல்ல ஸ்டீரியோ வைத்துப் பாட்டு கேட்க வேண்டும் என்பது நாற்பது வருஷ ஆசை. கடைக்காரர் ஓர் ஆம்ப்ளிஃபையரைக் காட்டுகிறார். மூன்று லட்சம். பக்கத்திலேயே முப்பதாயிரத்துக்கும் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் உறுத்துகிறது.

மூன்று லட்சத்தை ஒரு பெட்டியில் போடுவது தப்பா?

'தப்பு சார், அந்தக் காசில் நாலு ஏழைப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டலாமே' என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அப்படிப் பார்த்தால் நாம் குடிக்கிற டிகிரி காபியும் தப்புதான். சங்கீதத்துக்குச் செலவழிக்க இந்த மண் என்றைக்கும் கூச்சப்பட்டதில்லை. 1847-ல் திருவையாற்றில் சமாதியானார் தியாகராஜர். அங்கே அவருக்குக் கோயில் எழுப்ப, 1920-களில் தன் சம்பாத்தியத்தைப் போட்டவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அதை ஊதாரித்தனம் என்று யாராவது சொல்வோமா?

ஆகவே, எவ்வளவு செலவு என்பது இரண்டாவது கேள்வி. யாருக்காக என்பதுதான் முதல் கேள்வி. உங்கள் காதுக்கா? வருகிறவர் போகிறவர் கண்ணுக்கா?

அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்ப்போம். பாட்டைத் தேர்ந்தெடுத்து, அளவைக் கூட்டிக் குறைக்கிற பகுதி ஒன்று. ஸ்பீக்கரை அசைக்கிற அளவுக்குச் சக்தி கொடுக்கிற பகுதி இன்னொன்று. இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் அதற்கு 'இன்டகிரேட்டட்' என்று பெயர். அதன் தர்மம் ஒன்றே ஒன்று: வந்ததைப் பெரிதாக்க வேண்டும், தன் சரக்கு எதையும் சேர்க்கக் கூடாது.

சரி, எத்தனை வாட்ஸ் வேண்டும்? நடுத்தரமான ஹாலில் சாதாரணமாகக் கேட்கும்போது பெரும்பாலான நேரம் செலவாவது ஒன்றிரண்டு வாட்ஸ்தான். மிருதங்கம் திடீரென்று அதிரும் இடங்களுக்குக் கொஞ்சம் கையிருப்பு வேண்டும். ஆனால் 50 வாட்ஸை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். சத்தம் இரட்டிப்பானதாகக் காது ஒப்புக்கொள்ள சுமார் 10 டெசிபல் ஏற வேண்டும். அதற்குப் பத்து மடங்கு சக்தி தேவை. பி.காம். முதல் வருஷத்தில் 'குறைந்து செல் பயன்பாட்டு விதி' என்று எங்களுக்கு நடத்தினார்கள். டெல்டா விவசாயிக்கு அது பாடம் படிக்காமலே தெரியும். யூரியாவை அள்ளிக் கொட்டினால் பயிர் கரும்பச்சையாக நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். காற்றடித்தால் சாய்ந்துவிடும். மூட்டை கூடாது.

இன்னொன்று. விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபையரில் இரைச்சலே இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் மே மாசத் தஞ்சாவூரில், தலைக்கு மேல் ஃபேன் சுற்றாமல் யார் உட்கார்ந்து தோடி கேட்கப் போகிறீர்கள்?

1987 ஜனவரியில் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை ஒரு சோதனையை வெளியிட்டது. சுமார் 220 டாலர் கருவியிலிருந்து 12,000 டாலர் கருவி வரைக்கும், ஒலி அளவைச் சமமாக்கி, எது எதுவென்று சொல்லாமல் போட்டுக் காட்டினார்கள். வித்தியாசம் தெரியும் என்று அடித்துச் சொன்னவர்களும் அங்கே இருந்தார்கள். முடிவு? பூவா தலையா போட்டுப் பார்த்திருந்தாலும் ஏறக்குறைய அதே விடைதான் வந்திருக்கும்.

அப்படியென்றால் விலை கூடினதெல்லாம் ஏமாற்றா? இல்லை. சில ஸ்பீக்கர்களை ஓட்டுவது கஷ்டம், அவற்றுக்கு வலுவான ஆம்ப்ளிஃபையர் வேண்டும். பெரிய ஹாலுக்கும் வேண்டும். நல்ல டிரான்ஸ்ஃபார்மர், இருபது வருஷம் உழைக்கிற பாகங்கள், எல்லாம் காசுதான். ஏன், பார்க்க லட்சணமாக இருக்கிறது என்பதும் ஒரு காரணம்தான். அதையும் வாய் திறந்து சொல்லிவிட்டால் குற்றமே இல்லை. லட்சணத்துக்காக வாங்கிவிட்டு, 'சங்கீதத்துக்காக' என்று மனைவியிடம் சொல்கிறோமே, அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது. சங்கீதத்தைப் பொய்ச் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைப் பாருங்கள். அவர் காலத்துக்கு முன்னால் வழக்கத்தில் இருந்தது திமிரி. குட்டையான, உச்ச ஸ்ருதி நாகஸ்வரம். அதை விட்டு, ஸ்ருதி இறங்கிய நீளமான பாரி நாகஸ்வரத்துக்குப் போனார். நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி ஆச்சா மரத்தில் கடைந்த பாரியில் சுத்த மத்தியமம் சுத்தமாக நின்றது. 2022-ல் அந்த ஊர் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. முதலில் காது ஒரு குறையைக் கண்டுபிடித்தது. கருவி அதற்குப் பின்னால் வந்தது. நமக்கோ கருவி முதலில் வருகிறது. குறையைக் கடைக்காரர் சொல்லித் தெரிந்துகொள்கிறோம்.

அதே பிள்ளைவாள் 78 சுழற்சி இசைத்தட்டில் வாசித்ததைக் கேட்கத்தான் ஆசை என்றால், ஒன்று சொல்கிறேன். அந்தத் தட்டில் பதியாமல் போனதை எத்தனை லட்சம் கொடுத்தாலும் எந்தப் பெட்டியும் திருப்பித் தராது.

ஆகையால், கடைக்குப் போகும்போது ஒரு துண்டு எடுத்துப் போங்கள். இரண்டு ஆம்ப்ளிஃபையரையும் மூடச் சொல்லுங்கள். உங்கள் ஸ்பீக்கரிலேயே, உங்களுக்குப் பாடமான பாட்டையே போடச் சொல்லுங்கள். ஒலி அளவு இரண்டிலும் சமமா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். துளி சத்தம் கூடினாலும் நம் காது அதை 'நல்ல தரம்' என்று நம்பிவிடும். பத்துத் தடவை மாற்றி மாற்றிக் கேளுங்கள். பத்திலும் கண்டுபிடித்து, எது பிடித்தது என்றும் சொல்ல முடிந்தால் தாராளமாக வாங்குங்கள். தெரியவில்லையா? மிச்சப் பணத்தில் நல்ல ஸ்பீக்கர் பாருங்கள். ஹாலில் கோரைப் பாய்க்குப் பதில் கனமான விரிப்பும், ஜன்னலுக்குத் திரையும் போடுங்கள். எதிரொலி அடங்கும்.

கடைசியாக ஒரு விஷயம். ஸ்டீரியோ சரியாகக் கேட்க, இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் நடுவில் ஒரே ஓர் இடம் உண்டு. நாற்காலியை அங்கே போட்டுவிடுகிறோம். பக்கத்தில் உட்காருகிறவருக்கு அதே பாட்டு கொஞ்சம் கோணலாகத்தான் கேட்கும். நாகரத்தினம்மாள் கட்டிய இடத்தில் ஆராதனையன்று பெரிய வித்வானும் கற்றுக்குட்டியும் ஒரே பந்தலில் உட்கார்ந்து பாடுகிறார்கள். அவர் போட்ட காசு ஒரு நாற்காலிக்குப் போகவில்லை. உங்கள் சேமிப்பும் இரண்டு பேர் சேர்த்ததுதானே? முப்பத்தைந்து வருஷம் அடுப்படி ரேடியோவோடு திருப்திப்பட்டவரையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். துண்டு போட்டு மூடியதும் முதலில் அவரை உட்காரச் சொல்லுங்கள்.